'பென்' (1972): எலியும் சிறுவனும், நல்ல பிரதிக்கான 45 ஆண்டுக் காத்திருப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்குகளை வைத்து எடுத்த பழைய திகில் படங்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது 'பென்'. அதைப் பற்றி நண்பர்களிடம் பேசினாலே கேள்விகள் வரிசையாக வந்துவிடுகின்றன: முதல் பாகம் எது, பாட்டு உண்மையிலேயே எலியைப் பற்றியதா, டிஸ்க் வாங்கினால் நம் வீட்டில் ஓடுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

'பென்' எந்தப் படத்தின் தொடர்ச்சி?

1971 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியான 'வில்லர்ட்' என்ற படத்தின் தொடர்ச்சி. அதை இயக்கியவர் டேனியல் மான். ஸ்டீபன் கில்பர்ட் 1968இல் எழுதிய ஒரு நாவலே அதற்கு மூலம். கூச்ச சுபாவமுள்ள வில்லர்ட் என்ற இளைஞன் பெரிய பழைய வீடு ஒன்றில் தாயுடன் வாழ்கிறான். அவனுடைய தந்தை தொடங்கிய நிறுவனத்தைத் தன்வசமாக்கிக்கொண்ட முதலாளி அவனை அன்றாடம் அவமதிக்கிறார். தோட்டத்து எலிகளைக் கொல்லச் சொல்கிறாள் தாய். அவனோ அவற்றோடு நட்பாகிவிடுகிறான். வெள்ளை எலிக்குச் சாக்ரடீஸ் என்று பெயர் வைக்கிறான், பெரிய கருத்த எலிக்குப் பென். சாக்ரடீஸை முதலாளி அடித்துக் கொல்ல, எலிப்படையை ஏவி வில்லர்ட் பழிதீர்த்துக்கொள்கிறான். காரியம் முடிந்ததும் எலிகளுக்கே துரோகம் செய்கிறான். பென் அதை மறக்கவில்லை.

வில்லர்டாக புரூஸ் டேவிசனும் முதலாளியாக எர்னெஸ்ட் போர்க்னைனும் நடித்தார்கள். படம் பெரும் வசூல் பெற்றதால் ஒரே ஆண்டில், 1972 ஜூன் மாதமே, இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

முதல் பாகத்தைப் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். முதல் படத்தின் இறுதிக்காட்சியோடுதான் 'பென்' தொடங்குகிறது. ஆனால் பென்னின் கோபம் எங்கிருந்து வந்தது என்பது மனத்தில் பதிய வேண்டுமென்றால் 'வில்லர்டை' முதலில் பார்த்துவிடுங்கள்.

கதை என்ன?

வில்லர்டின் வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருக்கிறது. காவல்துறை விசாரிக்கிறது, பத்திரிகைக்காரர் ஒருவர் துருவித் துருவிக் கேட்கிறார். எலிகள் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டன. அதே வட்டாரத்தில் டேனி என்ற சிறுவன் தாயோடும் அக்காவோடும் வாழ்கிறான். இதய நோயாளி. மற்ற பிள்ளைகளைப் போல ஓடியாட முடியாதவன். நூலில் கட்டிய பொம்மைகளை ஆட்டுவதும் பியானோ வாசிப்பதுமே அவனுடைய உலகம். அந்த உலகத்துக்குள் ஒருநாள் பென் வந்து நிற்கிறது.

இங்கிருந்து படம் இரண்டு தடங்களில் ஓடுகிறது. வெளியே எலிக்கூட்டம் லாரி ஓட்டுநரைத் தாக்குகிறது, கடைக்குள் புகுந்து உணவுப் பொருள்களைச் சூறையாடுகிறது, உடற்பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்து பெண்களை அலறியோட வைக்கிறது. உள்ளே, டேனி தன் பொம்மைகளை ஆட்டிக் காட்ட, அந்த எலி அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறது. டேனி அதனிடம் பேசுகிறான். தன்னை வம்புக்கிழுத்த பையனைப் பற்றிச் சொல்கிறான், தன் உடம்பைப் பற்றிச் சொல்கிறான். பியானோவில் அமர்ந்து அதற்காகவே ஒரு பாட்டு கட்டிப் பாடுகிறான். சாகக்கூடும் என்று தெரிந்த குழந்தையிடம் பெரியவர்கள் ஒருவித அடக்கிய குரலில் பேசுவார்கள் அல்லவா? அந்தக் குரல் இந்த வீடு முழுவதும் கேட்கிறது. பென் மட்டும் அப்படி நடந்துகொள்வதில்லை, அதனால்தான் அவன் பென்னிடம் ஒட்டிக்கொள்கிறான். இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. டேனியாக நடித்த லீ மாண்ட்கோமரியின் முகத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

கடைசியில் காவல்துறையினர் தீ உமிழும் கருவிகளோடும் துப்பாக்கிகளோடும் வடிகால்களுக்குள் இறங்குகிறார்கள். நண்பனை எச்சரிக்க டேனியும் இறங்குகிறான், அவனைத் தேடி அக்காவும் இறங்குகிறாள். முடிவை இப்போதைக்கு இந்த அளவோடு விடுகிறேன்.

இரண்டாம் பாகம் மட்டம் என்று பலரும் சொல்கிறார்களே?

திகில் படமாக மட்டும் எடைபோட்டால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதல் படத்தில் வன்மம் சிறுகச் சிறுகச் சேர்ந்து ஒருநாள் வெடிக்கும். இதில் தாக்குதல்கள் தனித்தனியாகக் கோத்துவைத்தவை போல் வருகின்றன. உடற்பயிற்சி நிலையக் காட்சி எனக்கும் பிடிக்கவில்லை. காவல் அதிகாரியும் பத்திரிகைக்காரரும் வரும் பகுதிகள் நீளம்.

ஆனால் படத்தின் உயிர் டேனியின் அறையில் இருக்கிறது. இயக்குநர் பில் கார்ல்சன் சாமானியர் அல்லர். 1950களில் 'கன்சாஸ் சிட்டி கான்ஃபிடென்ஷியல்', 'தி ஃபீனிக்ஸ் சிட்டி ஸ்டோரி' போன்ற கறாரான குற்றப்படங்களை எடுத்தவர். 'பென்' முடிந்த கையோடு 1973இல் 'வாக்கிங் டால்' என்ற பெரும் வெற்றிப்படத்தைத் தந்தவர். வன்முறையைக் கண் சிமிட்டாமல் காட்டிப் பழகிய அந்த மனிதர், ஒரு பையனும் ஒரு எலியும் மட்டும் இருக்கும் அறையில் கேமராவை அமைதியாக உட்காரவைத்திருக்கிறார். அந்த அமைதிக்காகவே நான் படத்தை மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

மைக்கேல் ஜாக்சனின் 'பென்' பாட்டு உண்மையிலேயே எலியைப் பற்றியதா?

ஆம். இதே படத்துக்காக எழுதிய பாட்டுதான் அது. எனக்கும் இது வெகுகாலம் தெரியாது. அண்ணன் வைத்திருந்த ஒரு ஆடியோ கேசட்டில் இந்தப் பாட்டு இருந்தது. பள்ளி நண்பன் ஒருவனைப் பற்றிய பாட்டு என்றே நினைத்து, நாடா தேயும் அளவுக்குக் கேட்டிருக்கிறேன். எலி என்று தெரிந்த அன்று மீண்டும் கேட்டேன். பாட்டின் மேல் இருந்த மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

எழுதியவர் டான் பிளாக், இசை வால்டர் ஷார்ஃப். டான் பிளாக் ஏற்கெனவே ஒரு பெண் சிங்கத்தின் கதையைச் சொன்ன 'பார்ன் ஃப்ரீ' படப் பாட்டுக்காக ஆஸ்கார் வாங்கியவர். சிங்கத்துக்கு எழுதியவரிடம் எலிக்கு எழுதச் சொன்னபோது, எலி என்ற சொல்லே வராமல் எழுதிவிட்டார். வாலும் இல்லை, மீசையும் இல்லை. எல்லாரும் ஒதுக்கும் ஒருவனுக்கு அவனுடைய ஒரே நண்பன் சொல்லும் ஆறுதல் மட்டும் இருக்கிறது. பாட்டு படத்தைத் தாண்டி வாழ்வதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் டானி ஆஸ்மண்ட் என்ற பாடகர் பாடுவதாக இருந்தது. அவர் கச்சேரிப் பயணத்தில் இருந்ததால் வாய்ப்பு ஜாக்சனுக்குப் போயிற்று. படம் வெளியானபோது ஜாக்சனுக்கு வயது 13. 1972 அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் பாட்டு முதலிடம் பிடித்தது. சகோதரர்களோடு குழுவாக இல்லாமல் தனியாக அவர் பெற்ற முதல் முதலிடம் அது. கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. ஆஸ்காருக்குப் பரிந்துரையாகி, 1973 மார்ச் மாத விழா மேடையில் ஜாக்சனே பாடினார். நடிகர் மார்லன் பிராண்டோ தன் ஆஸ்கார் விருதை மறுத்த அதே இரவு. பரிசு 'தி பொசைடன் அட்வென்ச்சர்' படப் பாட்டுக்குப் போய்விட்டது.

இசைத்தட்டின் உறையிலும் ஒரு கதை உண்டு. 'பென்' என்ற பெயரிலேயே வந்த ஜாக்சனின் ஆல்பத்தின் முதல் பதிப்புகளில், அவருடைய முகத்துக்குக் கீழே எலிக்கூட்டத்தின் படம் இருந்தது. பின்னர் எலிகளை நீக்கிவிட்டார்கள். எலியுள்ள உறை கிடைத்தால் விடாதீர்கள்.

படத்தில் வரும் எலிகள் உண்மையானவையா?

பெரும்பாலும் உண்மை எலிகளே. கணினி வரைகலை இல்லாத காலம் அது. இரண்டு படங்களுக்கும் எலிகளைப் பழக்கியவர் மோ டி செசோ. எலி ஒருவர் மேல் ஏறி மொய்க்க வேண்டுமென்றால் உடையில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுவார்களாம். திரையில் கொலைவெறியாகத் தெரிவது உண்மையில் தின்பண்ட ஆசை! முதல் படத்தில் பென்னாக நடித்த எலி, விலங்கு நடிகர்களுக்கென்றே அமெரிக்காவில் இருந்த பாட்சி விருதை 1972இல் வாங்கியது.

தமிழில் பென்னைப் 'பெருச்சாளி' என்று சொல்பவர்கள் உண்டு. திரையில் பெரிதாகத் தெரிந்தாலும் அது சாதாரண எலி இனம்தான். பெருச்சாளி வேறு சாதி. எலி என்பதே சரி.

படப்பிடிப்பில் எலிகளுக்குத் தீங்கு நேர்ந்ததா? மனம் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். 'எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்ற வரியை இன்றைய படங்களின் முடிவில் பார்க்கிறோம். 1972இல் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஹாலிவுட்டின் பழைய தணிக்கை முறை 1960களின் பிற்பகுதியில் முடிவுக்கு வந்தபோது, படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழைந்து கண்காணிக்கும் உரிமையை அமெரிக்க விலங்குநல அமைப்பு இழந்தது. 1980இல் நடிகர் சங்க ஒப்பந்தத்தின் வழியேதான் அது திரும்பக் கிடைத்தது. 'வில்லர்டும்' 'பென்'னும் அந்த இடைவெளியில் எடுக்கப்பட்டவை. வடிகால் சண்டையில் தீயும் தண்ணீரும் எலிகளின் மேல் பாயும் காட்சிகள் மிகவும் கடினமானவை. எலி வளர்ப்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். நானும் சில முறை தாண்டியிருக்கிறேன்.

வீட்டில் பார்க்கும்படி ஒரு நல்ல பிரதி வர ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று?

1980களில் அமெரிக்காவில் வீடியோ கேசட்டாக வந்தது. அதன் பிறகு நீண்ட வறட்சி. டிவிடி காலம் முழுவதும் அமெரிக்காவில் முறையான வெளியீடு இல்லாமலேயே போய்விட்டது. 2003இல் 'வில்லர்டை' மறுபடி எடுத்தபோது, புதிய படம் டிவிடியாகக் கடைக்கு வந்தது, பழைய இரண்டும் வரவில்லை.

படத்தைத் தயாரித்தது பாடகர் பிங் கிராஸ்பியின் பெயரைத் தாங்கிய நிறுவனம். ஆனால் படம் எடுக்கும்போதே அது அவர் கையில் இல்லை, 1960களிலேயே வேறொரு ஒளிபரப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. திரையரங்குகளுக்கு வெளியிட்ட சினிராமா நிறுவனம் 1970களோடு அந்தத் தொழிலை விட்டது. பெரிய ஸ்டூடியோவின் படம் என்றால் அதன் கிடங்கில் நெகட்டிவ், அதாவது மூலப் பிலிம், இருக்கும், பத்தாண்டுக்கு ஒருமுறை யாராவது தூசி தட்டுவார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகும் படங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. படத்தின் மேல் பிரியமுள்ள ஒரு சிறு நிறுவனம் தேடி வந்து உரிமை வாங்கினால்தான் உண்டு.

அப்படி வந்தது ஷவுட் ஃபேக்டரியின் திகில் பட முத்திரையான ஸ்க்ரீம் ஃபேக்டரி. 2017 மே 16 அன்று 'வில்லர்டும்' 'பென்'னும் ஒரே நாளில் ப்ளூ-ரேயாக, அதாவது டிவிடியைவிடத் துல்லியமான டிஸ்க்காக, வெளிவந்தன.

கேசட்டுக்கும் ப்ளூ-ரேக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

எண்ணில் சொன்னால், வீடியோ கேசட் கிடைமட்டமாகச் சுமார் 240 கோடுகள் அளவுக்குத்தான் நுணுக்கம் காட்டும். ப்ளூ-ரே 1920க்கு 1080 புள்ளிகள். ஆனால் இந்தப் படத்துக்கு எண்களைவிட இருட்டு முக்கியம். கதையில் பெரும்பகுதி சாக்கடைக்குள்ளும் இரவிலும் நடக்கிறது. இருட்டைக் காட்டுவதில் கேசட்டைப் போல் மோசமான சாதனம் வேறில்லை.

நான் முதலில் பார்த்தது பழைய கேசட்டிலிருந்து எடுத்த மங்கலான பிரதி. வடிகால் காட்சிகளில் சுவர் முழுவதும் கரிய கறை ஒன்று நெளிந்தது, அவ்வளவுதான். பிறகு டிஸ்கில் அதே இடம் வந்தபோது நிறுத்திவைத்துப் பார்த்தேன். கறை கலைந்து எலிகளாயிற்று. குழாயின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் ஈர ரோமம் கற்றை கற்றையாகப் பிரிந்து நிற்கிறது, இன்னொன்று முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறது. அச்சம் குறைந்து இரக்கம் வந்தது அப்போதுதான். டேனியின் கண்களில் தேங்கிய நீரும் அந்தப் பழைய பிரதியில் இல்லை.

படம் முழுவதும் மெல்லிய மணல் தூவியதுபோல் தெரிந்தால் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். அது பிலிமின் இயல்பான துகள். தொலைக்காட்சியில் 'இரைச்சல் நீக்கம்' போன்ற வசதிகள் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும்.

டிஸ்கில் கூடுதலாக என்ன இருக்கிறது?

படம் அகலத்துக்கும் உயரத்துக்கும் 1.85க்கு 1 என்ற திரையரங்க அளவில் இருக்கிறது. இன்றைய தொலைக்காட்சியில் மேலும் கீழும் நூலிழை அளவு கருப்பு தெரியலாம், அது சரியே. ஒலி அன்றைய ஒற்றைத் தட ஒலி. ஆங்கில வசன வரிகள் உண்டு, தமிழ் இல்லை.

என்னைப் பொறுத்தவரை பொக்கிஷம் லீ மாண்ட்கோமரியின் பேச்சு. பேட்டி ஒன்று தனியாக இருக்கிறது. அது போக, படம் ஓடும்போதே பக்கத்தில் அமர்ந்து கதை சொல்வதுபோல் முழுப் படத்துக்கும் பேசியிருக்கிறார். பத்துப் பதினொரு வயதில் எலியோடு நடித்த பையன், ஐம்பது வயதைத் தாண்டிய மனிதராகத் தன் சின்ன முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். முதலில் படத்தை மட்டும் பாருங்கள். ஒரு வாரம் கழித்து இந்தத் தடத்தைப் போடுங்கள்.

இந்தியாவில் வாங்கினால் ஓடுமா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ப்ளூ-ரே உலகத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஏ மண்டலம். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, மத்திய கிழக்கு நாடுகள் பி. இந்தியாவும் இலங்கையும் சி. இந்த டிஸ்க் ஏ மண்டலத்துக்கு உரியது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய சாதாரண பிளேயரிலும், லண்டனிலோ பாரிஸிலோ வாங்கியதிலும் மண்டலம் பொருந்தாது என்ற அறிவிப்பே வரும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இது தெரியாமல் ஒரு கடையில் டிஸ்க்கை வரவழைத்தேன். எல்லாப் பிளேயரிலும் ஓடும் என்று உறுதியாகச் சொன்னார்கள், நானும் நம்பினேன். வீட்டில் போட்டால் நீலத் திரையில் ஒரே ஒரு வரி. திருப்பியும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில், சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன் விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய பிளேயரைத் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வந்தான். அன்று இரவே பார்த்தோம். எல்லா மண்டல டிஸ்க்குகளையும் ஓட்டும் பிளேயர்கள் தனியாக விற்கின்றன. வாங்கும் முன் பெட்டியைத் திறந்து, ப்ளூ-ரேக்கும் சேர்த்தா, டிவிடிக்கு மட்டுமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். டிவிடி மண்டலங்களின் கணக்கே வேறு (அமெரிக்கா 1, இந்தியா 5).

குழந்தைகளோடு பார்க்கலாமா?

அமெரிக்காவில் பி.ஜி. சான்றிதழ், அதாவது பெற்றோர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நாயகன் சிறுவன், பாட்டு மென்மை என்பதற்காகக் குழந்தைப் படம் என்று நினைத்துவிடாதீர்கள். சாவும் தீயும் இருக்கின்றன, குழந்தையின் நோயும் இருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல், பக்கத்தில் நீங்கள் இருந்தால் பரவாயில்லை.

2003இல் வந்த புதிய 'வில்லர்ட்' எப்படி?

நல்ல படம். கிளென் மார்கன் இயக்கத்தில் கிரிஸ்பின் குளோவர் நடித்தது. இறந்துபோன தந்தையின் ஓவியமாகச் சுவரில் தொங்குவது பழைய வில்லர்டான புரூஸ் டேவிசனின் முகம். 'பென்' பாட்டும் படத்தில் வருகிறது, குளோவரும் அதைப் பாடியிருக்கிறார். ஆனால் டேனியின் கதையை இதுவரை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இதற்காகத்தான் முடிவைச் சொல்லாமல் வைத்திருந்தேன், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். எலிக்கூட்டம் அழிந்துவிட்டது. டேனி வீடு திரும்பிவிட்டான். பென்னும் செத்துவிட்டது என்றே நினைக்கிறான். அப்போது காயத்தோடு, தள்ளாடித் தள்ளாடி அது வருகிறது. அழுதுகொண்டே அதன் காயத்துக்கு மருந்து போடுகிறான், செத்துவிடாதே என்று மன்றாடுகிறான். படம் முழுவதும் மற்றவர்கள் அவனைத்தான் நோயாளியாகப் பார்த்தார்கள். இப்போது அவன் கையில் ஒரு நோயாளி. முன்பு பியானோவில் டேனி தன் சின்னக் குரலில் பாடிய அதே மெட்டு, ஜாக்சனின் குரலில் பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டு, கடைசிப் பெயர் மேலே போகும்வரை கேளுங்கள்.